சனிக்கிழமைச் சம்பளத்தை என் கையில் கொடுத்தவர்களுக்கு

எனக்கு உதவின எல்லாருக்கும் வணக்கமுங்க.

யார் பேரையும் இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒருத்தர் உங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். அந்தப் பழக்கம் அவருக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. படிக்கும்போது ‘இது நான்தானே’ என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அது போதும்.

2022 ஆடி மாதம், காங்கேயம் பக்கத்து ஊரிலிருந்து ஆறு வயசு மகளோடு திருப்பூருக்குக் கிளம்பி வந்தேன். வேலைவெட்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்து அடி வாங்கினவள் இல்லை நான். கொங்கு நாட்டில் அப்படி உட்கார்ந்து சாப்பிடுகிற பொம்பளைகள் எத்தனை பேர்? காடு இருந்தால் காட்டு வேலை, இல்லாவிட்டால் தறி, அதுவும் இல்லாவிட்டால் விடிகாலையில் ஊருக்குள் வருகிற பனியன் கம்பெனி வேன். எட்டு வருஷம் அந்த வேனில் போய்ச் செக்கிங் பார்த்தேன், தைத்து வருகிற துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சனிக்கிழமை பொழுதோட கம்பெனி கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் பைக்கில் நிற்பார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். பிரித்திருந்தால் ராத்திரி அதற்கு ஒரு அடி. அப்புறம் பேங்கில் போட ஆரம்பித்தார்கள். ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில், கணக்கில் கொடுத்திருந்த போன் நம்பரும் அவருடையது. சம்பளம் ஏறிய மெசேஜ் எனக்கு முன்னால் அவருக்குப் போய்விடும். ஓவர்டைம் பார்த்து இருநூறு ரூபாய் கூட வந்த வாரம், ‘இது எவன் கொடுத்தது’ என்று கேட்டு அடித்தார்.

பொம்பளை சம்பாதித்தால் மரியாதை தானாக வரும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சம்பாதிக்கிறது வேற, அதைக் கையில் வைத்திருக்கிறது வேற. நீங்கள் எனக்குச் செய்து கொடுத்தது இந்த இரண்டாவது.

செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு முதல் நன்றி. “ஏனம்மிணி, கை வீங்கியிருக்குது?” என்று ஒரு தடவைதான் கேட்டீர்கள். நான் கல்லில் இடித்துக்கொண்டேன் என்றேன். “சரி, கல்லு மறுபடி இடிச்சா எங்கிட்டச் சொல்லு” என்றீர்கள். நாலு மாசம் கழித்துச் சொன்னேன். அன்றையிலிருந்து சாப்பாட்டுத் தூக்குப்போசிக்கு அடியில் துணியில் மடித்து ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தேன். மகளின் பிறப்புச் சான்றிதழ், என் பத்தாவது மார்க் ஷீட், நகை வாங்கின பில். எல்லாம் உங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருந்தது. ஆதார் மட்டும் கிடைக்கவில்லை, அது அவர் பீரோவில். கிளம்பின அன்றைக்குக் கையில் நாற்பது ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று 2021 மே மாதம் ஆனதே, அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோதும் அந்த நாற்பது ரூபாய் அப்படியே இருந்தது. மகளுக்குப் பன்னும் பாலும் வாங்கினேன்.

பெண்கள் உதவி எண் 181-க்கு அக்காதான் போன் போட்டுக் கொடுத்தது. அடி வாங்கி வருகிற பெண்களுக்கென்று அரசு நடத்துகிற சகி மையத்தில் ஐந்து நாள் தங்கினோம். எதையும் திருப்பித் திருப்பிக் கேட்காமல் சொன்னதை ஒரே தடவையில் எழுதிக்கொண்ட அந்த மேடத்துக்கும், அங்கிருந்து பாதுகாப்பு அலுவலரிடம் கூட்டிப் போனவருக்கும் நன்றி.

வக்கீலம்மாவுக்கு ஒரு தனிக் கடிதமே எழுத வேண்டும். “பீஸ் எவ்வளவுங்க?” என்று கேட்டபோது, “பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ல வந்த சட்டம்” என்றீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தை எடுத்து மூன்றாவது பிரிவைத் தமிழில் சொன்னீர்கள். உடம்பில் அடிப்பது, பாலியல் கொடுமை, வாயால் வதைப்பது, நாலாவதாகப் பொருளாதார வன்முறை. சம்பளத்தைப் பிடுங்குவதற்குச் சட்டத்தில் ஒரு பேர் இருக்கிறது, அதுவும் 2005-லிருந்தே இருக்கிறது! எட்டு வருஷம் அதை நான் ‘குடும்ப வழக்கம்’ என்று நினைத்திருந்தேன். என் நகையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வாங்கினீர்கள். ஐந்து பவுனில் மூன்று வந்தது. ஜீவனாம்சம் வந்த மாசமும் உண்டு, வராத மாசமும் உண்டு. அதை நம்பி அடுப்புப் பற்ற வைக்க முடியாது என்று முதல் நாளே சொன்னதும் நீங்கள்தான்.

விரல் ரேகை வைத்து ஆதாரைத் திரும்ப எடுத்து, அதில் என் போன் நம்பரைச் சேர்த்துக் கொடுத்த சேவை மையத்துத் தம்பி, அன்றைக்கு நீ செய்தது சின்ன வேலை என்று நினைக்காதே. அதை வைத்துத்தான் வேறொரு பேங்கில் கணக்குத் தொடங்கினேன். கணவர் பெயர் கேட்ட இடத்தில் நான் பேனாவோடு நின்றபோது, “அப்பா பேர் எழுதுங்கக்கா, செல்லும்” என்ற கவுண்டர் பொண்ணுக்கும் நன்றி. முதல் மெசேஜ் என் போனில் ‘டிங்’ என்று வந்த சத்தத்துக்கு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, ‘ஆம்பளை யாரு வருவாங்க’ என்று கேட்டு ஏழு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். லைன் வீட்டு ஆத்தா, நீங்கள் மட்டும் “தண்ணி ஒரு நா விட்டு ஒரு நா வரும், புடிச்சு வெச்சுக்கோ சாமி” என்று சாவியைக் கொடுத்தீர்கள். நான் ஷிப்ட் முடித்து வரும்வரைக்கும் பிள்ளையைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். ஒன்றரை ஷிப்ட் போக முடிந்தது அதனால்தான்.

புதுக் கம்பெனிக்கும் அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். ‘ஊட்டுக்காரன் வந்திருக்கறேன், சம்பளத்தைக் கொடுங்க’ என்று கேட்டார். கான்ட்ராக்டர் அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. “மெஷின்ல உட்கார்ந்தது நீங்களாங்க? கையெழுத்து யாரு போடறாங்களோ அவங்க கைக்குத்தான்” என்றார். அவ்வளவுதான். நான் பேட்லாக் மெஷினுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கால் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின், கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு நன்றி. நூல் கோர்க்கத் தெரியாமல் நான் அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? பழைய நூலை உருவ வேண்டாம், அதோடு புது நூலை முடிச்சுப் போட்டு மெல்ல இழு, ஊசிக்குப் பக்கத்தில் வந்ததும் முடிச்சை வெட்டு என்றீர்கள். செக்கிங்குக்கும் டெய்லருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று திருப்பூரில் தெரியாதவர் யார். ஒன்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு என்று ஒரு இடத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பத்து நாள் பொம்மை செய்தோம். அந்தப் பொம்மையை வாங்க ஒரு ஆள் வரவில்லை. ஊரில் எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறதோ அதைக் கற்றுக்கொடுங்கள், எங்களுக்கு அது போதும்.

ரேஷன் கார்டு கதை வேண்டாம். வீட்டுக்காரர் கையெழுத்து கொண்டு வா என்று ஒரு ஆபீஸில் ஒரு வருஷம் நடக்கவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அரசு மகளிர் உரிமைத் தொகை கொடுக்க ஆரம்பித்தபோது என் பேர் பழைய வீட்டுக் கார்டிலேயே கிடந்தது.

எங்கள் தெரு மகளிர் குழுவில், வெளியூர்க்காரி, வழக்கு வேற இருக்கிறது, கடன் கொடுக்கலாமா என்று பேச்சு வந்ததாம். ‘அவ சந்தா ஒரு வாரம் தவறினாளா’ என்று நோட்டைப் புரட்டிக் காட்டிய தலைவிக்கு நன்றி. அந்தக் கடனில் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கினேன். பற்றாத காசுக்கு என் அப்பா இரண்டு வெள்ளாட்டை விற்றுக் கொண்டு வந்தார். ‘போன இடத்துல பொறுத்துப் போ சாமி’ என்று மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பினவரும் அவர்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டதாக வக்கீலம்மா சொன்னார். நான் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரூபாயை வாங்கிக்கொண்டேன். அவரும் ஒன்றும் பேசவில்லை, காப்பி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். இந்த நன்றியில் அவருக்கும் பங்கு உண்டு, எவ்வளவு என்று இன்னும் கணக்குப் போடவில்லை.

இப்போது மூன்று மெஷின் ஓடுகிறது, ஜாப் ஒர்க்தான். கரண்ட் பில் என் பேரில் வருகிறது. செக்கிங் அக்கா, நான் வந்து சேர்ந்த பிறகு நீங்கள் கொடுத்த ஐந்நூறைத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறீர்கள். சரி, உங்கள் பேத்தி சீருக்கு மொய்யாக வரும், அப்போது தடுக்க முடியாது.

தை நோம்பி கழிந்ததும் நாலாவது மெஷின் வருகிறது. அதில் உட்கார ஆள் வேண்டும். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்க மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, ஓவர்லாக் நான் சொல்லித் தருகிறேன். உங்களுக்குத் தெரிந்து யாராவது ‘கல்லில் இடித்துக்கொண்டேன்’ என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சம்பளம், அவங்க கையில்.

நன்றியுடன்,
லைன் வீட்டு ஓவர்லாக்காரி, திருப்பூர்