சிவப்பு விளக்கு எரிந்தால், கண்ணு

காட்பாடி

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, "கார்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுதுப்பா, ஒரு பாட்டில் தண்ணி ஊத்தினேன், போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போக இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால், வண்டிக்குப் பக்கத்தில் நின்று இதைப் படி.

விளக்கு அணைந்ததால் கோளாறு தீர்ந்தது என்று நினைக்காதே. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகிற பொருள் இல்லை. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருப்பது. கூலன்ட் தொட்டியில் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை நீ ஊற்றிய தண்ணீர் கணக்கிலேயே வராது.

உன் வண்டியில் சூடு காட்டும் முள் இல்லை, விளக்கு மட்டும்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக எரிந்து கொஞ்ச தூரத்தில் அணைந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். அதற்குப் பயப்பட வேண்டாம். சிவப்பு எரிந்தால் மட்டும் உடனே ஓரம் கட்டு. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் ஓஸில் முடிய வேண்டியது இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். டிப்போவில் இருந்த காலத்தில் இதை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பார்ப்பதை விடியற்காலையில் வைத்துக்கொள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முந்தின ராத்திரியே முன்பக்கம் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வை. ஏ.சி. தண்ணீர் சொட்டினால் நிறமில்லாமல் இருக்கும், காய்ந்ததும் தடமே தெரியாது. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை விடும், தொட்டால் பிசுபிசுக்கும், இனிப்பாக வாடை வரும். அந்த இனிப்புதான் ஆபத்து. பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம். பேரனை அந்தப் பக்கம் விடாதே. தெரு நாய் நக்கிவிடாதபடி உடனே கழுவி விடு.

அப்புறம் பானெட்டைத் திற. தொட்டியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடு இருக்கும். நடுவில் நின்றால் சரி. ரேடியேட்டர் ஓஸ்களை அமுக்கிப் பார். வெடிப்பு, உப்பல், கிளிப் போட்ட இடத்தில் காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கு இருந்தால் கசிவு அங்கேதான். வெளியே எதுவும் தெரியாமல், வண்டிக்குள் இனிப்பு வாடை வந்து, முன்சீட்டுக் கால் விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீட்டர் பக்கம் ஒழுகுகிறது. ஆயில் ஊற்றும் மூடியையும் ஆயில் குச்சியையும் பார். ஆயில் வெளுத்துக் குழம்பாக இருந்தால் ஸ்டார்ட்டே செய்யாதே. கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டுவிட்டு ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. துப்பட்டாவையும் விரலையும் தள்ளி வை. சில வண்டிகளில் ஆஃப் செய்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும்.

ஒன்றை மட்டும் நன்றாக யோசித்து எனக்குச் சொல். விளக்கு எரிந்தது பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் நின்றபோதா, ஓட்டமாகப் போனபோதா? நிற்கும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் ஃபேன். வேகத்திலோ ஏற்றத்திலோ சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, சூட்டுக்கு ஏற்பக் கூலன்டின் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட், கூலன்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப், இப்படிப் போகும். மெக்கானிக்குக்கு இந்த ஒரு தகவல் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. தொட்டியில் அளவு சரியாக இருந்து, வண்டியும் சூடாகாமல் விளக்கு மட்டும் எரிந்தால் சென்சாரையோ ஒயரையோ பார்க்கச் சொல்.

நீ ஊற்றியது எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் என்றால் மொத்தத்தையும் வடித்து மாற்றச் சொல். நம் பாலாற்றங்கரை போர் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி வெள்ளையாகப் படிகிறது என்று பார்த்து வளர்ந்தவள் நீ. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் அடைத்துக்கொள்ளும், அலுமினியத்தையும் அரிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்தக் கூலன்ட் என்று போட்டிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதே. கலந்து வருவதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதைப் பெரும்பாலும் சரிபாதி டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். வழியில் வேறு வழியில்லை என்றால் குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்றலாம், அதுவும் இன்ஜின் ஆறின பிறகுதான். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியிலோ தொட்டி மூடியிலோ கை வைக்கவே கூடாது. இதை மாப்பிள்ளையிடமும் சொல். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

நெடுஞ்சாலையில் சிவப்பு எரிந்தால் ஏ.சி.யை நிறுத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைத் திருப்பு. இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அதற்குள் ஓரம் கட்டி ஆஃப் செய். எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். 1033-க்குப் போன் செய்தால் நெடுஞ்சாலை உதவி வண்டி வரும்.

இன்னொன்று. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊர் 200 மீட்டர் சொச்சம்தான். வரும்போது மொத்தத்தில் இறக்கம், இன்ஜினுக்கு அவ்வளவு வேலையில்லை. விளக்கு எரியாமலே வந்து சேர்ந்துவிடலாம். திரும்பிப் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும். அதனால் "வரும்போது நல்லாத்தானே ஓடுச்சு" என்று நம்பிக் கிளம்பாதே.

இந்த வாரமே மெக்கானிக்கிடம் விட்டு, ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்ட் போடச் சொல். அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். மூடியையும் சோதிக்கச் சொல், லேசாகச் சந்தேகம் என்றாலும் மாற்றிவிடு. நாளைக் காலையில் தொட்டியையும் அட்டையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வேலை முடியவில்லை என்றால் ரயிலில் வாருங்கள், ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா