செயலாளர் ஆண்டறிக்கை: புதுச்சேரி தமிழர் பகுதியின் தாழ்வார வீடுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வீட்டுக்காரர்களே, குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதம் மட்டும் கூட முடியவில்லை. குப்பை வண்டி, தெருவிளக்கு, கொசு மருந்து பற்றி நாம் கொடுத்த மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் கோப்பில் இருக்கின்றன. வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாமல் செய்தது பழைய வீடுகள் இடிபடுவதும் அந்த இடத்தில் அடுக்குமாடி எழுவதும்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் நாம் பறிகொடுத்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அந்தத் திண்ணை வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு வெள்ளிக்கிழமையே தகவல் வந்தது. செயற்குழு கூடட்டும், தீர்மானம் போட்டு முறையாகப் போய்ப் பேசலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜேசிபி வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்து ஓடுகள் தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தன. மரத்தூண்கள் நான்கும் குட்டியானை வண்டியில் ஏறியிருந்தன. தலைவாசல் கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு போக பழைய மரச்சாமான் வியாபாரியின் ஆள் ஓரமாக நின்றிருந்தார். நிலையின் மேல்கட்டையில் அந்த வாரம் வைத்த மஞ்சளும் குங்குமமும் அழியாமல் இருந்தன. தாமதம் என்னுடையது. அது இந்த அறிக்கையில் பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன். அன்று மாலையே செயற்குழு கூடி, இடிப்பு பற்றிச் சேதி வந்தால் தீர்மானத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே இரண்டு உறுப்பினர்கள் நேரில் போவது என்று முடிவு செய்தது.

இடித்த வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்கு ஐந்து பங்காளிகள் இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் பிரான்சில் இருப்பார், ஓடு மாற்றுகிற செலவு மட்டும் இங்கே இருப்பவர் தலையில் விழும். மழைக்காலத்தில் கூடத்தில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பாரம்பரியம் பேசினால் அவர் காதில் ஏறாது. அதனால் இந்த ஆண்டு நம் சங்கத்தின் பேச்சே மாறியது. "இடிக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த நாம், "கட்டுங்கள், வீதியைப் பார்த்த பகுதியை மட்டும் விட்டுவிட்டுக் கட்டுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தோம். இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்பது தெரியும். முற்றத்தையும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பகுதியையும் விட்டுக்கொடுத்தால் வீடே போனது போலத்தானே என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு வீடு வேண்டும் என்று நின்ற இடங்களில் நமக்கு முழு வீடும் கிடைக்கவில்லை, முன்பகுதியும் கிடைக்கவில்லை.

வீதியைப் பார்த்த பகுதி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் வரைபடம் போடுகிறவர்களோடு பலமுறை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில், வீடு வீதிக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, தோட்டமெல்லாம் உள்ளே. அங்கே முகப்பு என்றால் சுவர். வாய்க்காலுக்கு மேற்கே நம் பக்கம் அப்படி இல்லை. தெருவில் நடக்கிறவன் வெயிலுக்கு ஒதுங்குகிற தாழ்வாரம், அதற்கடுத்து வழிப்போக்கன் உட்கார்கிற திண்ணை, அதற்குப் பின்னால்தான் வீட்டுக்காரரின் கதவு. நம் வீட்டு முகப்பு என்பது ஆள் உட்காரக்கூடிய இடம். சுவரை மட்டும் வைத்துக்கொண்டு திண்ணையை வெட்டி எறிந்தால் முகப்பு மிஞ்சியதாக ஆகாது. தாழ்வாரத்துக்கு இரும்புக் கம்பி அடித்து உள்ளே ஏசி பெட்டியை வைத்தாலும் ஆகாது.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, நாட்குறிப்பு எழுதிவைத்த அந்தப் பெரியவரின் வீடு 1738இல் கட்டியது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடாக இருக்கிறது, மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள் நிற்கின்றன. 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பெரும்பாலும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஊரை மறுபடி கட்டி எழுப்பினார்கள். புதிதாகக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அப்படிக் கட்டியவர்கள் வீதிக்குத் தாழ்வாரம் விட்டுக் கட்டினார்கள் என்பதைத்தான் நாம் நினைவூட்டுகிறோம்.

இனி நல்ல சேதி. மூலை வீட்டில் பாகப்பிரிவினை முடிந்து, புரமோட்டரோடு ஒப்பந்தம் போடும் நிலை வந்தபோது, வீட்டு அம்மாவே நம்மைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாட்டு வேணும். எனக்கு என் திண்ணை வேணும். ரெண்டும் நடக்குமா, பாத்துச் சொல்லுங்க" என்றார். நம் உறுப்பினரான பொறியாளர் சம்பளம் வாங்காமல் மூன்று முறை வரைபடம் போட்டுக் கொடுத்தார். தாழ்வாரம், திண்ணை, நடை, முன்கூடம் நான்கும் அப்படியே நிற்கும். முற்றம் இருந்த இடத்துக்குப் பின்னால் மூன்று மாடி எழும்பும். எதிர்வாடையில் நின்று பார்த்தால் புது மாடி தெரியாத அளவுக்குப் பின்வாங்கிக் கட்டுவது என்று பேச்சு. இதைக் காகிதத்தில் நம்பாமல், அம்மாவின் பேரன் மொட்டைமாடியில் மூங்கில் கழி பிடித்து நிற்க, நாங்கள் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, கழியின் நுனி ஓட்டுக்கூரைக்கு மேல் தலைகாட்டாத இடத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டோம். புரமோட்டருக்கு ஆரம்பத்தில் வருத்தம்தான். அவருக்குக் கார் நிறுத்துமிடம்தான் பெரிய பிரச்சினை. கீழ்த்தளத்தைத் தூண்களின் மேல் திறந்துவிட்டு வண்டி நிறுத்தினால்தான் கணக்கு சரிப்படும் என்றார். கடைசியில் பின்சந்து வழியாக வண்டி நுழைய ஏற்பாடானது. பின்சந்து இல்லாத வீடுகளுக்கு இந்த வழி இல்லை. பழைய முகப்பை விட்டுக் கட்டுகிறவர்களுக்குக் கார் நிறுத்தும் விதியைத் தளர்த்த வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. ஒவ்வொரு வீட்டின் கீழ்த்தளமும் கார் கொட்டகையாகிவிட்டால், சாயங்காலம் வீதியில் ஆள் முகம் பார்க்க முடியாது.

அந்த வீட்டு முன்சுவரைச் சரிசெய்தபோது நாம் கற்றுக்கொண்டதை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கு முன் யாரோ அந்தச் சுவரின் அடிப்பாகத்தில் இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். கொத்தனார் பெரியவர் அதைக் சாந்துக் கரண்டிப் பிடியால் தட்டினார். டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. ஒரு ஓரத்தைப் பெயர்த்ததும் பலகை போல முழுசாகக் கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் ஈரமாக, உப்புப் பூத்து, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. "சுவரு மூச்சு விடணும் சார், நீங்க மூக்கப் பொத்திட்டீங்க" என்றார். கடற்கரை ஊர். தரையிலிருந்து ஓதம் உப்போடு ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி அதை அரித்துத் தின்னும். சுண்ணாம்பை ஊறவைத்து, சலித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூச நாளாகும், கூலியும் கூடும். ஆனாலும் செய்யுங்கள். அந்தக் கொத்தனாரிடம் வேலை பழக இரண்டு இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குடும்பத்தோடு போய்வந்தவர்களுக்கு நன்றி. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னேவ்-சூர்-லோ ஆகிய ஊர்களின் ஒத்துழைப்போடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று அங்கே வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு வீடு தப்பினால் அது காட்சிப்பொருளாக நிற்கும். வரிசையாகப் பத்து வீடு தப்பினால்தான் தாழ்வாரத்து நிழல் அறுபடாமல் போகும்.

வண்ணம் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதி நடத்தவும் காபிக்கடை வைக்கவும் நம் பகுதியில் வீடு எடுக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வரட்டும், பூட்டிக் கிடப்பதை விட அது மேல். ஆனால் வந்ததும் சுவருக்கு மஞ்சள் அடித்து, ஓரத்துக்கு வெள்ளை தீட்டி, தெருப்பெயர்ப் பலகை மாதிரி நீலத்தில் பிரெஞ்சுப் பெயரும் எழுதிவிடுகிறார்கள். அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து உடை. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது இந்த ஊரில்; ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவில்லம். இந்த வீதிகளுக்குத் தமிழ் முகம் இருக்கிறது, அதை மறைத்து வியாபாரம் செய்ய வேண்டியதில்லை என்று மூன்று கடைக்காரர்களிடம் பேசினோம். ஒருவர் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது சாலை. தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போவதால் வீதி வருடா வருடம் உயர்கிறது. என் வீட்டுத் திண்ணைக்கு நான் சிறுவனாக இருந்தபோது மூன்று படி. இப்போது ஒன்று. போன மழையில் தண்ணீர் திண்ணையைத் தொட்டு நடைக்குள் வந்தது. தாழ்வாரத் தூண்களின் கல்பீடம் பல வீடுகளில் தாருக்குள் புதைந்து, தூணின் மர அடி ஈரத்தில் ஊறுகிறது. ஜேசிபி இல்லாமலேயே வீடுகளை விழவைக்க இது ஒன்று போதும். சுரண்டிவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று நான்கு வீதிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். ஒரு வீதியில் மட்டும் அப்படிச் செய்தார்கள். அங்கே இரண்டாவது படி மறுபடி வெளியே வந்திருக்கிறது.

மழை என்றதும் கடற்கரைச் சாலை மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பழுது பார்க்கலாமா, எப்படிப் பார்க்கலாம் என்று வருடக்கணக்காகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு அதே இடத்தில், அதே தோற்றத்தில் கட்டினார்கள். இன்று மின்விளக்கில் அழகாகத்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் பழைய கட்டடத்தையே தேடுகிறேன். அரசுக் கட்டடத்துக்கு மறுபடி கட்ட ஆளும் பணமும் வந்தன. நம் திண்ணை வீடு விழுந்தால் அச்சு அசலாகக் கட்டித்தர யாரும் வரமாட்டார்கள். ஆகவே மழைக்கு முன் ஓடு பார்த்தல் என்று ஒரு வேலையை இந்த ஆண்டு ஆரம்பித்தோம். ஆடியில் இளைஞர்கள் ஏணியோடு வந்து உடைந்த ஓட்டை மாற்றித் தருவார்கள். ஓட்டின் விலை மட்டும் வீட்டுக்காரருடையது. இடிக்கிற வீடுகளில் நல்ல நாட்டு ஓடு கிடைத்தால் அதைக் கேட்டு வாங்கிச் சங்க அறையின் பின்புறம் அடுக்கியிருக்கிறோம். கோயிலுக்குப் பக்கத்து வீட்டின் ஓடுகளில் உடையாமல் மிஞ்சியவையும் அங்கேதான் இருக்கின்றன.

வரும் ஆண்டுக்கு உறுப்பினர்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் வீட்டின் பழைய புகைப்படங்கள், கல்யாணப் போட்டோவாக இருந்தாலும் சரி, பின்னணியில் திண்ணையோ தூணோ தெரிந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம். மூலை வீட்டுத் தூணின் தலைப்பகுதியான போதிகை எந்த வடிவத்தில் இருந்தது என்பது அப்படி ஒரு கல்யாணப் படத்திலிருந்துதான் தெரிந்தது. இன்னொன்று, வீட்டை விற்கவோ கட்டவோ எண்ணம் வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தடுக்க வரமாட்டோம். மூங்கில் கழியோடு வருவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அறிக்கையை ஏற்றுத்தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்