செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், சங்கத்துப் பெரியவர்கள், தாய்மார்கள், இளைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல் நோட்டீஸ் பலகையில் இருக்கிறது. நான் இந்த முறை உப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் நம் தெருக்களில் சர்க்கரைக்கு மாத்திரை போடாத வீடு குறைவு. எல்லோரும் இனிப்பையும் சோற்றையும் குறைக்கிறார்கள். ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு கணக்கில் வருவதே இல்லை. பிரிட்டனில் 4 லட்சம் பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. சமைத்த உணவில் எப்போதும் மேலே உப்புப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அநேகமாகப் போடாதவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. எப்போதாவது போடுபவர்களுக்கே 13 சதவீதம். உப்புதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உப்பு தூக்கலானால் சாப்பாடு கூடுதலாக இறங்கி எடை ஏறுவதாகவும் இருக்கலாம். ஆனால் உப்பு பிரஷரை ஏற்றும் என்பதில் சந்தேகமில்லை. பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

அதனால்தான் பொங்கல் விருந்தில் இலை ஓரத்தில் உப்பு வைப்பதை நிறுத்தினோம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பந்தியிலேயே பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். குழம்பில் உப்பு இருக்கிறது ஐயா, மேலே போடுவதைத்தான் விட்டிருக்கிறோம் என்று சொல்லி எலுமிச்சைத் துண்டு வைத்தோம். பிழிந்துகொண்டு, ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டின் மேலேயே எழுதி வைக்கும்படி மகளிர் குழு வீடு வீடாகச் சொல்லி வருகிறது. இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனி பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த' உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வரும் ஆண்டில் பிரஷர் பார்ப்பதோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கும் முகாம் ஒன்று நடத்த விரும்புகிறோம். அதற்கான செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்