சாக்ஸ் மாட்ட முடியாத பெரியவர்

கிளீவ்லாந்து,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. நான் நலம். ஏரிப் பக்கமிருந்து வரும் பனி மூன்று நாளாக நிற்கவில்லை. நடைபாதை உறைந்து கண்ணாடியாகிவிட்டால் மறுநாள் காலை எங்கள் கிளினிக்கில் மணிக்கட்டு உடைந்தவர்கள் வரிசை கட்டுவார்கள். வழுக்கும்போது கையை ஊன்றுகிறார்களே, அதனால். மாவுக்கட்டு இங்கே அபூர்வம். ஃபைபர்கிளாஸ் கட்டு, அதுவும் பல நிறங்களில். நேற்று ஒரு பையன் பச்சையா ஆரஞ்சா என்று கால் மணி நேரம் யோசித்தான்.

"ஆபரேஷன் பண்ணாத எலும்பு டாக்டரா?" என்று போனில் கேட்டீர்கள். நான் எலும்பு டாக்டர் இல்லை அப்பா. என் பயிற்சி குடும்ப மருத்துவம், மூன்று வருஷம். எலும்பு சர்ஜனுக்கு ஐந்து. முட்டி, தோள் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டாம், அவர்களை முதலில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். அதனால் இந்த மாதம் எலும்பு ஓ.பி.யில் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓ.பி. எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். நோயாளி உட்காருவதற்குள் எக்ஸ்ரே சீட்டு எழுதியாகிவிடும். இங்கே நான் தனியாகப் போய்ப் பார்த்து, வெளியே வந்து, மேல் டாக்டரிடம் நின்றபடி கேஸ் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரும் உள்ளே போவோம். அறுபது வயசு அம்மா அவர். "படத்தை அப்புறம் காட்டு, கை என்ன சொல்லுச்சு?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. கணுக்கால் சுளுக்கு என்று வந்தாலும் எலும்பின் மேல் குறிப்பிட்ட இடங்களை அழுத்திப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டு, பிறகுதான் படம் தேவையா என்ற முடிவு. கனடாவில் ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல் வெளியிட்ட விதி அது. நான் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் ஊரில் ஒருவரையும் நடக்கவிட்டுப் பார்த்ததில்லை.

போன வாரம் நன்றாக மாட்டிக்கொண்டேன். எழுபது வயசுப் பெரியவர், வலது முட்டி வலி. படத்தில் தேய்மானம் தெரிந்தது. முட்டிக்கு ஊசி போடலாம் என்று கேஸ் சொன்னேன். மேல் டாக்டர் உள்ளே வந்து, முட்டியைத் தொடக்கூட இல்லை. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கம் மெல்லத் திருப்பினார். பெரியவர் கத்திவிட்டார். தேய்ந்துபோய் வலி கொடுத்தது இடுப்பு மூட்டு, தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடம். இரண்டு மூட்டுக்கும் ஒரே நரம்புகள் கிளை விடுவதால் இடுப்பு மூட்டு வலி முட்டியில் தெரியும். அந்த வயசில் முட்டி படத்தில் தேய்மானம் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும்.

எனக்கு உறைத்தது அது இல்லை. "சாக்ஸ் மாட்ட முடியலை" என்று அவர் என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். இடுப்பு மூட்டு இறுகினால் முதலில் போவது அதுதான். நான் அதைக் கம்ப்யூட்டரில் தட்டெழுதியும் இருந்தேன். தட்டிக்கொண்டே இருந்ததில் காதில் விழவில்லை.

அன்று ராத்திரி அம்மா ஞாபகம் வந்தது. அருவாமனை முன்னால் சம்மணம் போட முடியவில்லை, மெட்டி மாட்டக் குனிய முடியவில்லை என்று தீபாவளியிலிருந்து சொல்கிறாள். நான்தான் முட்டித் தேய்மானம் என்று மாத்திரை சொல்லிவிட்டேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள். கட்டிலில் படுக்கவைத்து, மேலே எழுதியபடி ஒரு காலைத் திருப்பிப் பாருங்கள், பிறகு மற்றது. மெதுவாக, வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வலி தொடை இடுக்கில் வருகிறதா, முட்டியிலா, எந்தக் கால் குறைவாகத் திரும்புகிறது என்று எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும் உங்கள் நண்பரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எலும்பு டாக்டரைப் பார்க்கும்போது முட்டியோடு இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டிக்குப் படம் எடுத்தால் நிற்கவைத்து எடுக்க வேண்டும், படுக்கவைத்து எடுத்தால் தேய்மானம் சரியாகத் தெரியாது.

நான் சொன்னேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். பிள்ளைக்குக் கவலை வேண்டாம் என்று வலிக்கவே இல்லை என்பாள்.

அன்புடன்,
பாப்பா