மாங்காய் வத்தல் வந்து சேர்ந்தது, அக்கா

ஊமெயோ, ஸ்வீடன்
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா, நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலமா?

உன் கடிதமும் பார்சலும் புதன்கிழமை கைக்கு வந்தன. சின்னமணியின் மாப்பிள்ளை ஸ்டாக்ஹோம் வந்து இறங்கியதும் தபாலில் போட்டுவிட்டாராம். பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்ததே தவிர உள்ளே ஒன்றும் ஆகவில்லை. குழம்புப் பொடி கொட்டவில்லை. நீ மூன்று பைக்குள் பை போட்டுக் கட்டியிருக்கிறாய், எப்படிக் கொட்டும்?

"போன் பண்ணினால் ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தாய். படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆவணியில் பேசியது, அப்புறம் தீபாவளிக்கு ஒரு நிமிஷம். தப்பு என் மேல்தான். வேலை முடிந்து வந்தால் அங்கே நடுராத்திரி ஆகியிருக்கும், அம்மாவை எழுப்பவேண்டாம் என்று விட்டுவிடுவேன். அப்படியே நாள் போய்விட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறேன். ஞாயிறு எனக்கு முழுக்க ஓய்வுதான்.

அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாயே, "அந்த ஊரில் கறியில் பழத்தைப் போட்டுத் தின்கிறார்களாமே, சின்னமணி சொன்னாளே, நிஜமா?" என்று. நிஜந்தான். விவரமாகச் சொல்கிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

நான் வந்த இரண்டாவது வாரம் எங்கள் வேலையிடத்துச் சமையற்கட்டில் கோழி போட்டார்கள். நான் தட்டைத் திறந்து பார்த்தால் கோழித் துண்டுகளுக்கு நடுவே நீளவாக்கில் வெட்டிய வாழைப்பழம் கிடக்கிறது. மேலே பாலாடையை அடித்து, அதில் மிளகாய் சாஸைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் மொறுமொறுவென்று வறுத்த உப்புப் பன்றிக்கறியும் நிலக்கடலையும் தூவுகிறார்கள். சோற்றோடுதான் சாப்பிடுகிறார்கள். பெயர் 'பறக்கும் யாக்கோப்'. ஓவே யாக்கோப்சன் என்று விமானச் சரக்குத் துறையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இருந்ததை வைத்துச் செய்தது, 1976இல் ஒரு சமையல் பத்திரிகையில் வந்து ஊரெல்லாம் பரவிவிட்டதாம். இங்கே பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்யாதவர்களே இல்லை என்று எங்கள் தலைமைச் சமையல்காரம்மா சொன்னார். அன்றைக்கு நான் கோழியை மட்டும் பொறுக்கித் தின்றேன். பழம் இறங்கவே இல்லை. நாம் வாழைப்பழத்தைச் சாமிக்கு வைத்தே பழகியவர்கள், அதைக் கோழியோடு பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஆனால் அக்கா, லிங்கான் விஷயம் வேறு. லிங்கான் என்பது சுண்டைக்காயை விடச் சின்னதாக, குண்டுமணி நிறத்தில் ஒரு காட்டுப் பழம். புளிப்பு, துவர்ப்பு, கடைசியில் லேசாகக் கசப்பு. அதைக் கறியில் போட்டு வேகவைப்பதில்லை. சீனி போட்டுக் கிளறி, தட்டில் ஓரமாக வைத்துக்கொள்கிறார்கள், நாம் ஊறுகாய் வைத்துக்கொள்வதுபோல. கறி உருண்டையோடும் அதுதான். ரத்தத்தில் கம்புமாவு மாதிரி ஒரு மாவைக் கலந்து வேகவைத்துத் துண்டு போட்டு வறுக்கிறார்களே, அதோடும் அதுதான். ரத்தப் பொரியல் என்றதும் எனக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் செய்வது ஞாபகம் வந்தது. ருசி அது இல்லை. ஆனாலும் ஒரு வாய் ரத்தம், ஒரு வாய் லிங்கான் என்று சாப்பிட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தப் பழத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டுக் கிழவர். போன கடிதத்தில் எழுதினேனே, ஒற்றை ஆளாக இருக்கிறார், யாரோடும் பேசமாட்டார் என்று. அவர் 'ஆமாம்' என்ற வார்த்தையையே சொல்வதில்லை. ஆமாம் என்பதற்கு உதட்டைக் குவித்து 'சுப்' என்று மூச்சை உள்ளே இழுக்கிறார். முதலில் நெஞ்சுவலியோ என்று பயந்துவிட்டேன். இந்த வடக்குப் பக்கத்து ஆட்கள் பலரும் அப்படித்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் கதவைத் தட்டினார். கையில் இரண்டு வாளி. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். பைன் மரக் காடு, தரையெல்லாம் பாசி, அதற்குள் சிவப்புச் சிவப்பாகப் பழம். இங்கே யாருடைய காடாக இருந்தாலும், கேட்காமலே யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பழம் பொறுக்கலாம், காளான் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும்தான் போகக்கூடாது. அது வழிவழியாக வந்த உரிமை, 1994இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்களாம். முறத்தின் நுனியில் சீப்புப் பல் வைத்த மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதைச் செடிக்குள் விட்டு வாரினால் பழம் மட்டும் உள்ளே விழும், கொஞ்சம் இலையும் சேர்ந்து வரும். இலையை எப்படிப் பிரிப்பது என்று அவர் ஒரு பலகையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பெரிய தட்டில் போட்டுப் புடைத்துக் காட்டினேன். இலை பறந்தது, பழம் நின்றது. கிழவர் கொஞ்ச நேரம் பார்த்தார். 'சுப்' என்று ஒரு மூச்சு. அப்புறம் அவர் வாளியையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஒன்பது பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன். கிலோ பழத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனி, அடுப்பே வேண்டாம், சீனி கரையும் வரை கிளறினால் போதும். அந்தப் பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இருப்பதால் சீக்கிரம் கெடுவதில்லை. வெறும் தண்ணீரில் போட்டு மூடியே மாதக்கணக்கில் வைத்திருப்பார்களாம் அந்தக் காலத்தில். எனக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கத் தொட்டுக்கொள்ள அதுவே போதும். சோற்றுக்குக் கூட நன்றாகத்தான் இருக்கிறது.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்றைக்கு மைனஸ் பதினான்கு. மதியம் இரண்டரைக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மார்கழியில் காலை ஒன்பதரை ஆகும் விடிய. பயப்படாதே, வீட்டுக்குள் கதகதவென்று இருக்கும். போன வருஷத்துக் கோட்டே நன்றாக இருக்கிறது, புதிது வேண்டியதில்லை. இப்போது பஸ்ஸில் போவதில்லை, நடந்தே போய் வருகிறேன். இரண்டரைக் கிலோமீட்டர்தான், உடம்புக்கும் நல்லது. குளிர்காலத்தில் வேலை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் இங்கே, அதனால் தூங்க நேரம் கிடைக்கிறது. பணம் மட்டும் கார்த்திகைக்கு அனுப்ப முடியவில்லை. தையில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அத்தானிடம் சொல்லிவிடு, தப்பாக நினைக்கவேண்டாம்.

சரி, வத்தலுக்கு வருகிறேன்.

கிழவரும் அவர் கூட்டாளிகளும் செப்டம்பரில் மூஸ் வேட்டைக்குப் போனார்கள். மூஸ் என்றால் குதிரையை விட உயரமான மான். ஆளாளுக்குப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அவர் பங்கில் ஒரு கிலோவை உறைய வைத்து எனக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கறியில் கொழுப்பே கிடையாது, வறண்ட கறி. அதனால்தான் இவர்கள் பாலாடை ஊற்றி, கறுப்புத் திராட்சை மாதிரி ஒரு பழத்தின் ஜெல்லியைக் கரைத்து, பக்கத்தில் லிங்கானும் வைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நேற்று உன் குழம்புப் பொடியைப் போட்டுத்தான் வைத்தேன். முற்றின கறி, பப்பாளிக்காய்க்கு இங்கே எங்கே போவது? இரண்டரை மணி நேரம் சின்னத் தீயில் வேகவிட்டேன். புளிப்பை முன்னாலேயே போட்டால் கறி விறைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்வாளே, அதனால் கறி வெந்த பிறகுதான் வத்தலை எடுத்தேன்.

சுடுதண்ணீரில் ஊறப்போட ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒரு வத்தலில் கோரை நார் ஒன்று ஒட்டியிருந்தது. மாடியில் நீ விரிப்பாயே, ஓரம் பிய்ந்த அந்தப் பழைய பாய், அதன் நார். விரல் நீளம்கூட இல்லை. மஞ்சளும் உப்பும் ஏறி விறைப்பாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கமே வெகுநேரம் நின்றுவிட்டேன் அக்கா. காக்கா விரட்ட நம்மை வெயிலில் உட்கார வைத்துவிட்டு அம்மா கீழே போய்விடுவாள், நீ உப்புக் காயாத துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்துக் கொடுப்பாய். குழம்பு கொதித்து ஜன்னலெல்லாம் ஆவி படிந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நன்றாக இருந்தது, நம் வீட்டு அடுப்படி என்றே கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்ள முடிந்தது. சாப்பிட்டேன். இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். பேச யாராவது இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த நாரைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, பர்ஸில் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் தோன்றியது, நாம் மட்டும் என்ன, கறியில் பழம் போடாதவர்களா? மாங்காய் வேறு என்ன? புளி வேறு என்ன? அம்மாவிடம் சொல், இந்த ஊர்க்காரர்கள் செய்வதும் அவள் செய்வதும் ஒன்றுதான், இவர்களுக்குக் காடு கொடுக்கிறது, நமக்குக் கொல்லை கொடுக்கிறது. கிழவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் வத்தலை எடுத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, என்ன மரம் என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. சித்தப்பா நம் மாமரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்கிறாரா? அவர் மகனுக்கு வீடு கட்ட இடம் வேண்டும், அது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் சர்வேயர் கல் போட்டால் மரம் அவர் பக்கம் போகும் என்றால், மேற்கே கிணற்றுமேட்டுப் பக்கம் நம் பாகத்தில் இரண்டு அடி, வேண்டுமானால் மூன்று அடி கூடுதலாக அவருக்கே விட்டுக்கொடுப்போம். மரம் நம் பக்கம் நிற்கட்டும். நீ பிறந்த வருஷம் தாத்தா வைத்த மரம் அது. நீ நேராகப் பேசாதே, உனக்கு அழுகை வந்துவிடும். அத்தானையும் வடக்குவீட்டு மாமாவையும் சேர்ந்து போகச் சொல். மாமா சொன்னால் சித்தப்பா கேட்பார். காய்ப்பில் பாதி வருஷா வருஷம் அவர் வீட்டுக்குத்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லலாம். இதுவரையும் அப்படித்தானே கொடுத்து வந்தோம்.

என் கையெழுத்துக்காகக் காத்திருப்பதாக எழுதியிருந்தாய். எனக்குப் பதில் நீயே கையெழுத்துப் போட உன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக்கொடுக்கிறேன். ஸ்டாக்ஹோமில் நம் தூதரகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், ரயிலில் ஆறேழு மணி நேரம். இப்போது போக வசதிப்படாது, பொங்கல் கழித்துப் போகிறேன். பத்திரம் அங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடவேண்டும், மறந்தால் வீண் அலைச்சல். வாசகத்தைப் பத்திரம் எழுதுகிறவரிடம் இப்போதே எழுதி வாங்கி அனுப்பு. சர்வே எண் பழைய பத்திரத்தில் ஒன்றும் பட்டாவில் ஒன்றும் இருக்கும், இரண்டையும் போடச் சொல்.

அம்மா கண் ஆபரேஷனைத் தைக்குத் தள்ளவேண்டாம். முதலில் அதை முடி. செலவுக்கு என் பெயரில் இருக்கும் சீட்டை எடுத்துக்கொள், யாரிடமும் கேட்காதே. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாளா என்று பாப்பாவைப் பார்க்கச் சொல். இன்னொன்று, அம்மாவிடம் உட்கார்ந்து, பச்சை மாங்காய் என்றால் கறிக்கு எவ்வளவு, தேங்காய் எப்போது என்று கேட்டு எழுதி வை. அவள் கைக்கணக்காகவே சொல்வாள், நீ படியில் அளந்து எழுது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பெரியவனை விட்டு டேப் பிடித்துப் பார்க்கச் சொல். மரத்தடியிலிருந்து கிணற்றுமேடு வரை எத்தனை அடி, மரத்தடியிலிருந்து சித்தப்பா வீட்டுச் சுவர் வரை எத்தனை அடி என்று இரண்டு கணக்கும் வேண்டும். சர்வேயர் வரும் முன்னால் எனக்குத் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரம் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன், அளந்து வைத்திரு.

அன்புடன்,
உன் தம்பி