மிளகுக்குப் போடலாமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் நாய் மிளகும் நலம்தானே? போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போடு என்கிறார். அப்புறம் முள்ளியாற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது, பெங்களூரில் எவ்வளவு குளிர் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் காகிதத்தை எடுத்தேன். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று குழம்பி, கடைசியில் உன் ஆபீஸ் முகவரிக்கே போட்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

நாய்க்கு இன்சூரன்ஸ் போடலாமா என்று நீ என்னைக் கேட்டதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். உன் ஆபீஸில் கேட்க எத்தனையோ பேர் இருக்க, அம்மாவைக் கேட்டாய். அப்பா சிரித்தார். மாட்டுக்குப் போட்டாலாவது பால் காசு உண்டு, நாய்க்கு எதற்கு என்றார். ரசத்துக்குப் போடுவதை நாய்க்குப் பேராக வைத்தவளுக்கு இதுவும் தோன்றும் என்று சின்னத்தை வேறு ஒத்துப் பாடினாள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் மாட்டுக்கும் நெல்லுக்கும் இத்தனை வருஷமாகப் பாரம் நிரப்பி வருகிறவள் நான்.

நீ அனுப்பிய இன்சூரன்ஸ் தாளைத் தம்பியிடம் சொல்லி பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டேன். நம் மாட்டு இன்சூரன்ஸுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாட்டுக்குப் போடுவது மாடு செத்தால் கிடைக்கிற பணம். பிழைக்க வைக்க நாம் செலவழித்தால் அது நம் தலையில்தான். போன ஆவணியில் கறுப்பிக்கு மடிநோய் வந்து, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி வரைக்கும் வண்டி வைத்துக் கொண்டு போனோமே, அதில் ஒரு பைசா வரவில்லை, வராது என்று தெரிந்துதான் போனோம். உன் தாளில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் போட்டிருக்கிறது. அந்த வகையில் நல்லதுதான். அடையாளத்துக்கு மாட்டுக்குக் காதில் வில்லை, நாய்க்குத் தோலுக்கடியில் அரிசி அளவு சில்லு. அதுவும் நல்லது. பிய்ந்து விழாது.

ஆனால் கணக்கைப் பார். வருஷத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 6,800 ரூபாய். 50,000 வரைக்கும் தருவார்கள். எந்தச் செலவிலும் நூற்றுக்கு 20 உன் பங்கு. போன வருஷம் உண்ணிக் காய்ச்சலுக்கு உனக்கு 14,000 ஆனது என்றாய். அதில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றிய இரண்டு நாள் 5,000. மீதி ரத்தப் பரிசோதனை, மாத்திரை, போய்வந்தது. இந்தத் தாளில் படுக்க வைத்த செலவுக்குத்தான் பணம். 5,000 ரூபாயில் உன் பங்கு போக 4,000 வரும். 6,800 கட்டி 4,000 வாங்குவதற்கு இவ்வளவு பாரம் எதற்கு? அதே நேரம், மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு 60,000 ஆகிறது என்று வை, 48,000 வந்துவிடும். ஆக இது சின்னச் செலவுக்கு இல்லை, பெரிய அடிக்குத்தான். இன்னொன்று, அடுக்குமாடியில் அது யார் பிள்ளையையாவது கடித்துவைத்தால் நஷ்டஈட்டுக்கும் ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வரி பிடித்தது.

உண்ணிக் காய்ச்சல் வந்ததைப் பாரத்தில் மறைக்காமல் எழுது. முன்னாலேயே வந்த நோய்க்குத் தரமாட்டோம் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். மறைத்தால் நாளைக்கு வேறு எதற்குக் கேட்டாலும் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஊசிச் சீட்டுகளை ஒரு கவரில் போட்டு வை. வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம் போடுகிறாய்தானே? தடுப்பூசி போடாமல் அந்த நோய் வந்தால் பணம் இல்லை என்றும் இருக்கிறது.

போஸ்டாபீஸ் ஆர்.டி. போடலாமே என்று முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அது ஐந்து வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிக்க விடமாட்டார்கள், 12 தவணை கட்டியபின் பாதி வரைக்கும் கடன் வேண்டுமானால் கிடைக்கும். நாய்க்கு நோவு வந்தால் அதுவரை காத்திருக்காது. அதனால் நான் சொல்வது இதுதான். அவசரம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக 60,000 புரட்ட முடியுமானால், இன்சூரன்ஸ் வேண்டாம், அந்த 6,800 ரூபாயை பேங்கில் தனியாகப் போட்டு வை. வீட்டில் இரண்டு சம்பளம் வருகிறது என்றால் வேண்டாம். ஒரு சம்பளம்தான் என்றால் போட்டுவிடு.

எது என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா இப்போதுதான் சம்பா நெல்லுக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு வந்தார். சிட்டா, அடங்கலுக்கு நாலு நாள் அலைச்சல். கடைசி நாள் நவம்பர் 15 என்பார்கள், அந்த வாரம் பூராவும் இ-சேவை மையத்தில் திருவிழாக் கூட்டம். காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை, ஏக்கருக்கு 500 ரூபாய்ச் சொச்சம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் நம் வயல் மூழ்கியதா என்று யாரும் பார்த்ததில்லை. ஊரில் சில இடத்தில் அறுத்து எடை போட்டு, ஊருக்கெல்லாம் ஒரே சராசரி. மிளகுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு வந்த நோவு அதற்கு மட்டும்தான். என்னைப் பெற்ற வீட்டில், தலைஞாயிறு பக்கம், உம்பளாச்சேரி மாடுதான். கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாசத்தில் சாம்பலாகிவிடும். உனக்குக் காட்டியபோது வேறு கன்றை மாற்றிவிட்டார்கள் என்று அழுதாயே. அந்த மாடுகளுக்கு எங்கள் ஐயா ஒரு நாளும் இன்சூரன்ஸ் போட்டதில்லை. சேற்றில் தொடை வரை இறங்கி உழுதுவிட்டு வைக்கோலைத் தின்று படுத்துக்கொள்ளும். இந்தக் கலப்பு மாடு வந்த பிறகுதான் நமக்கு இன்சூரன்ஸும் வந்தது, டாக்டரும் வந்தார்.

பெரியம்மா பேத்திக்குத் தை மாசம் காது குத்து. அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

பாரத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. அதுவும் சரிதான், ஒரு பேர் என்றால் கையெழுத்து வாங்கச் சுலபம். அவசரத்துக்குக் கூப்பிட என்ற இடத்தில் உன் ஆபீஸ் தோழி எண் இருந்தது. முகவரியில் வேறு தெரு இருந்தது. வாடகையைக் கூட்டியிருப்பான், மாறியிருப்பீர்கள். மாறினால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தீபாவளிக்கு அனுப்பிய அதிரசம் பழைய வீட்டுக்குத்தானே போயிருக்கும். யார் வாங்கினார்கள்? மாப்பிள்ளை தூங்குகிறார், குளிக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார் என்று நீ சொல்லச் சொல்ல நானும் சரி சரி என்கிறேன். நல்லா தூங்கட்டும்.

இதைக் கேட்பதற்காக நான் எழுத உட்காரவில்லை. வேறு ஒன்று சொல்லவேண்டும். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

போன வாரம் போனை வைக்கும் முன்னால், "விடும்மா, எல்லாம் நானே இழுத்துக்கொண்டதுதான்" என்றாய். எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் அப்பா இருந்தார். நாயைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். சுட்டி செத்த அன்று நீ பேசிய குரல்.

2008, நிஷா புயல். உனக்குப் பதினொரு வயது. நாலு நாள் விடாத மழையில் கொட்டில் சுவர் ராத்திரி சரிந்து, விடியும்போது சுட்டி போய்விட்டது. சங்கத்துக் கடனில் வாங்கிய மாடு, 15,000 ரூபாய், பாதிக் கடன் அப்படியே நின்றது. முழங்கால் தண்ணீரில் மாட்டு டாக்டர் வந்தார், பாவம். வந்ததும் கேட்டது காதில் வில்லை எங்கே என்று. அப்பா சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். நீ உள்ளே ஓடி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, "என்கிட்ட இருக்கு" என்று கொண்டுவந்து நீட்டினாய். உதவி செய்துவிட்ட சந்தோஷம் உன் முகத்தில். அப்பா நீதான் பிய்த்து விளையாடியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டார். டாக்டர் எதிரிலேயே அடித்தார். "மாடத்துல இருந்துச்சு" என்று ஒரு தடவை சொன்னாய். அவ்வளவுதான். அதற்கு மேல் அழக்கூட இல்லை, என்னைப் பார்த்தாய்.

மாடத்தில் வைத்தது நான். ஐப்பசியில் சாணி அள்ளும்போது கிடந்தது, மூங்கில் காலில் உரசி அறுந்திருக்கிறது. கழுவி விளக்குக்குப் பின்னால் வைத்தேன். வில்லை விழுந்தால் உடனே சொல்லி வேறு போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் வில்லை போட்ட அன்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான், டாக்டர் என்னிடம்தான் இரண்டு தடவை சொன்னார். நடவு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் கூலியை விட மனசில்லை, நாளைக்கு நாளைக்கு என்று இருபது நாள் தள்ளினேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, கத்துவார் என்று. அன்றைக்கு நீ என்னைப் பார்த்தபோது ஆமாம், நான்தான் வைத்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னை அடித்த கை என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

இன்சூரன்ஸ் வரவில்லை. வில்லை காதில் இருக்கவேண்டும், கையில் இருந்தால் கணக்கில்லை. கடனுக்கு என் தோட்டை அடகு வைத்தோம், திருப்பவே இல்லை. செய்ததற்கு அது சரியாகப் போய்விட்டது என்று நான் கணக்கை முடித்துக்கொண்டேன். நீ முடித்துக்கொள்ளவில்லை. பத்தாவது படிக்கும்போது தம்பியிடம் "என்னாலதான்டா அம்மா தோடு போச்சு" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு முதல் சம்பளச் சேமிப்பில் எனக்குத் தோடு வாங்கிப் போட்டாயே, அப்போதும் போட்டுக்கொண்டு நின்றேனே தவிர சொல்லவில்லை.

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பதினேழு வருஷம் கழித்து. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கொட்டில் சுவரை நான் ஆவணியிலேயே பூசியிருக்கணும்" என்றார். லைட்டை அணைத்துவிட்டார். காலையில் காபி குடிக்காமல் வயலுக்குப் போனார். உன்னிடம் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் சொல்லமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு வராது.

அன்றைக்கு நீ எதையும் இழுத்துக்கொள்ளவில்லை பாப்பா. இப்போது எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன் மேல்தான் தப்பு என்று சட்டென்று நீ சொல்லிக்கொள்வதை மட்டும் நான் இனிமேல் நம்பமாட்டேன். அதைப் பழக்கியவள் நான்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. மிளகுக்குப் போடுகிற கறியில் உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள். பாரத்தில் உண்ணிக் காய்ச்சலை எழுது, மறுபடியும் சொல்கிறேன், மறைக்காதே. நாயோடு இங்கே வரவேண்டுமென்றால் ரயிலில் கார்டு பெட்டியில் நாய்க்கு என்று தனிக் கூண்டு இருக்கிறதாம், ஸ்டேஷனில் முன்னாலேயே பார்சல் ஆபீஸில் பதியவேண்டுமாம், தம்பி விசாரித்தான். நான் விசாரிக்கச் சொன்னேன். மாடி அறையில் இருந்த நெல் மூட்டைகளை இறக்கியாயிற்று. எலி வருகிறது என்று இறக்கினோம்.

பிரீமியம் கட்டக் கடைசி நாள் இருபதாம் தேதி என்றாய். அதற்குள் இரண்டு சம்பளமா, ஒரு சம்பளமா என்று யோசித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பண்ணு, அப்பா தூங்கியிருப்பார். போனைக் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா