மேபல் நார்மண்டின் பெயரையும் அச்சிடுங்கள்

மௌனப் படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகைச்சுவைப் பட ஸ்டுடியோவான கீஸ்டோனின் 1914ஆம் ஆண்டுக் குறும்படங்களை நீங்கள் திரையிடும்போதெல்லாம் துண்டறிக்கையில் ‘சாப்ளின் படங்கள்’ என்ற ஒரே தலைப்பைத்தான் பார்க்கிறேன். அவற்றுள் சிலவற்றில் கதாநாயகியாக நடித்து, இயக்கவும் செய்த மேபல் நார்மண்டின் பெயர் அதில் இடம்பெறுவதே இல்லை.

தொளதொளத்த கால்சட்டையும் இறுக்கமான மேலங்கியும் கைத்தடியுமான அந்த நாடோடி வேடத்தைச் சாப்ளின் புனைந்தது ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்’ படத்திற்காகத்தான். ஸ்டுடியோ முதலாளி மேக் சென்னட்டின் மேற்பார்வை இருந்தபோதிலும், அதன் இயக்குநராக அறியப்படுபவர் மேபல்.

அடுத்து ‘மேபல் அட் த வீல்’. அதன் படப்பிடிப்பில் மூண்ட பூசலைச் சாப்ளினே 1964இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாலையை நனைக்கும் ரப்பர் குழாயைத் தெரியாமல் மிதித்துவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று குழாயின் வாயை உற்றுப் பார்த்தபடியே காலை எடுக்க, தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்று மேபல் மறுத்துவிட்டார். சாப்ளின் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இளம்பெண்ணின் இயக்கத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் தரப்பு. சாப்ளின் மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தக் குழாய் வேடிக்கை பிரெஞ்சு சினிமா முன்னோடி லூமியேர் 1895இலேயே படமாக்கியது என்பதையும், சாப்ளின் சினிமாவுக்கு வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன என்பதையும், 21 வயதே ஆன மேபல் அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கேமராவோடு பழகியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்று நியாயம் மேபல் பக்கமே இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. இருவரும் பிறகு சமாதானமாகிச் சேர்ந்தே பல படங்கள் செய்தார்கள்.

1922இல் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் கொலையுண்டபோது, அவரைக் கடைசியாகச் சந்தித்தவர்களுள் ஒருவர் என்பதற்காகவே பத்திரிகைகள் மேபலை விடாமல் துரத்தின. 1930இல், 37ஆம் வயதில், காசநோயால் இறந்தார். அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் அந்தக் கொலையைச் சொல்கின்றன. அவர் இயக்கிய படங்களைச் சொல்வதில்லை.

அடுத்த திரையிடலின் துண்டறிக்கையில் ‘இயக்கம்: மேபல் நார்மண்ட்’ என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்’ படத்தில் பைஜாமாவோடு தன் அறைக்கு வெளியே மாட்டிக்கொண்டு ஹோட்டல் நடையில் தவிக்கும் அந்தப் பெண்தான் படத்தின் இயக்குநர் என்பதை, விளக்கணைப்பதற்கு முன் அரங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்